எட்டாவது பட்டன்

ஆடி பிறந்து பத்து நாளாகிவிட்டது. கண்ணுசாமியின் பிக்கப் ஜீப்புக்கு இன்னும் தரை மேட் மாட்டி முடியவில்லை. இஞ்சின் ஓடியது, பிரேக் பிடித்தது, முன்விளக்கு இரண்டும் எரிந்தன, கதவுகள் முரண்டு பிடிக்காமல் மூடின. எட்டு மாசமாக அத்தனையையும் ஒண்டி ஆளாக இழுத்துக் கொண்டுவந்த மனிதர், கடைசியில் மேட்டைத் தரையோடு பிடித்து வைக்கிற பட்டன்களில் வந்து நின்றுபோனார். எட்டே எட்டு பட்டன். அதில் ஒன்றுதான் வம்பு.

செல்லாயி வருவதற்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். செல்லாயி அவருடைய சம்சாரம். பெங்களூரில் மகள் பிரவீனாவுக்குப் பையன் பிறந்தபோது, 'பிள்ளை தலை நிற்கிற வரைக்கும், ஆறே மாசம்' என்று சொல்லிவிட்டுப் போனவள். பிள்ளைக்குத் தலை நின்றது. நடக்கிற வரைக்கும் என்றார்கள், நடந்தான். பேசுகிற வரைக்கும் என்றார்கள், பேசினான். அதுவும் மூன்று பாஷையில். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வரைக்கும் என்றார்கள். இந்த ஜூன் மாசம் தனுஷ் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டான். இனி எந்த வரைக்கும் பாக்கி இல்லை என்பது கண்ணுசாமியின் கணக்கு. பதினெட்டுக்கு வருகிறவள் திரும்பிப் போகமாட்டாள் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனசுக்குள் மட்டும் முடிவு கட்டிக்கொண்டிருந்தார்.

சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் ஊரார் நாலு பேர் வந்து சமாதானம் பேசுவார்கள். செத்துப்போயிருந்தால் அழுது தீர்க்கலாம். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போன பெண்டாட்டிக்காக ஒரு மனிதன் யாரிடம் போய் அழ முடியும்? 'உனக்கென்ன, மக நல்லா இருக்குறா, பேரன் இருக்குறான்' என்றுதான் பார்க்கிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஆமாங்க ஆமாங்க என்று அவரும் தலையாட்டினார். மோகனூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, தோட்டத்துக்குள் ஒற்றை வீடு. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற ஆள் ஒருநாள், ஏழு மாசமாகியும் ஏன் போன் போடவில்லை, வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்காவது போய்விட்டீர்களா என்று கேட்டான். ஒரு ஆளுக்கு ஒருவேளை உலை வைத்தால் சிலிண்டர் அவ்வளவு நாள் வரும் என்பது கண்ணுசாமிக்கே அப்போதுதான் தெரிந்தது. சாயங்காலம் போன் அடிக்கும். எடுத்துப் பேசினால் குரல் கட்டியிருக்கும். சளியெல்லாம் இல்லை. விடிந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டார், அதுதான்.

அந்தப் போனிலும் செல்லாயியின் முகத்தை முழுசாகப் பார்க்க வழியில்லை. தனுஷ் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவான். 'அப்புச்சி, அப்புச்சி' என்று அவன் கத்துவது கேட்கும். திரையில் பெங்களூர் வீட்டு மச்சும் அதில் சுற்றுகிற காத்தாடியும் தெரியும். அந்தக் காத்தாடியைக் கண்ணுசாமி நாலு வருசமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதில் ஒரு இறக்கை கொஞ்சம் ஆடுகிறது என்று மாப்பிள்ளை மோகன்குமாரிடம் ஒருமுறை சொன்னதும் உண்டு.

நீங்களும் அங்கே போய் இருக்கவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போனார். பதினோரு நாள் இருந்தார். பதினாலாவது மாடி. முதல் நாளே கீழே போகலாம் என்று கிளம்பியவர், லிஃப்ட் கதவு திறந்ததும் செருப்பைக் கழற்றி வெளியே ஓரமாக விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே ஏறினார். கீழே போய்க் கதவு திறந்தபோது செருப்பு பதினாலாவது மாடியில் இருந்தது. அந்த மாடியில் குடியிருந்த ஒருவர் அதைக் குப்பைக்காரரிடம் கொடுத்துவிட்டார். மகளும் மாப்பிள்ளையும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணி விட்டார்கள். செல்லாயி மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு ஏன் அப்படி வந்தது என்று அவளுக்குத்தான் தெரியும்.

ஏறுகிற எந்த வண்டியிலும் செருப்போடு ஏறக்கூடாது என்று அவரைப் பழக்கியதே அவள்தான். கல்யாணமான அடுத்த வருசம், தொண்ணூற்றிரண்டில், கண்ணுசாமி அந்த பிக்கப் ஜீப்பைப் பழசாக வாங்கினார். அப்போதே அதற்குப் பதினெட்டு வயசு. நாமக்கல் கோழிப்பண்ணைகளில் விடிகாலை முட்டை ஏற்றிக்கொண்டு, சேலத்துக்குள் கடை கடையாகப் போட்டு, கொண்டப்பநாயக்கன்பட்டி வரை போய் மலையடிவாரக் கடைகளுக்கும் கொடுத்துவிட்டு மத்தியானம் திரும்புவார்கள். அவர் ஓட்டுவார், அவள் பக்கத்தில் உட்கார்ந்து எந்தக் கடைக்கு எத்தனை அட்டை முட்டை என்று ஞாபகம் வைத்துக்கொள்வாள். முட்டை ஏறுகிற வண்டி மகாலட்சுமி என்பாள். செருப்பு இரண்டையும் கழற்றிப் பின்னால் ஒரு சாக்கில் போட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். மீறி ஒருநாள் ஏறினால் அன்றைக்கு அட்டை உடையும் என்பது அவள் கட்சி. பண்ணைக்காரர் ஒருவர் பூட்ஸ் காலோடு ஏறி உட்கார்ந்ததற்கு, அவர் எவ்வளவு பெரிய கை என்றும் பாராமல் இறங்கச் சொன்னவள் அவள்.

வண்டித் தரையில் விரித்திருந்த ரப்பர் மேட்டுக்கு எட்டு டிச் பட்டன். ரவிக்கைக்கு வைப்பார்களே, அதே சாதிதான், கொஞ்சம் பெரிசு. குமிழ் போன்ற பாகம் தரைத் தகட்டில் திருகி நிற்கும். கிண்ணம் போன்ற பாகம் மேட்டில் அடித்திருக்கும். மேலே விரித்துக் காலால் ஒரு மிதி மிதித்தால் கவ்விக்கொள்ளும். இது இல்லாவிட்டால் மேட் நகர்ந்து போய் பிரேக் மிதிக்கு அடியில் சுருண்டு உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் வண்டியை நிறுத்தக் கடவுள்தான் வரவேண்டும்.

எட்டாவது பட்டன் இடதுபக்கக் கதவோரம், ஏறும்போது முதலில் கால்படுகிற மூலையில் இருந்தது. பிரவீனா வயிற்றில் ஆறு மாசம். செல்லாயி ஒரு முட்டை அட்டையை ஏந்திக்கொண்டு ஏறினாள். மேட் கிழிந்து அந்தக் குமிழ் மட்டும் துருத்திக்கொண்டு நின்றது அவள் கண்ணில் படவில்லை. குதிகால் கிழிந்து ரத்தம் கொட்டியது. முப்பது முட்டையும் ரோட்டில். அவள் காலைப் பிடித்துக்கொண்டு முட்டை போச்சே என்று அழுதாள். கண்ணுசாமி குறடை எடுத்து அந்தக் குமிழை அங்கேயே பிடுங்கி வீசினார். அதன்பின் வண்டி ஓடின காலம் முழுக்க ஏழு பட்டன்தான். எட்டாவது மூலை நாய்க்காது மாதிரி மடங்கிக்கொண்டே இருக்கும். செல்லாயி தன் குதிகாலால் அதை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பண்ணைகளே பெரிய வண்டி வைத்து முட்டையை அனுப்ப ஆரம்பித்ததும் அவர்கள் தொழிலை விட்டார்கள். ஜீப்பு தகரச் சாய்ப்புக்கு அடியில் பதினைந்து வருசம் கிடந்தது. போன கார்த்திகையில் பிரவீனா போனில், வருகிற ஜூனில் தனுஷைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போகிறோம் என்று சொன்னாள். மறுநாள் காலையில் கண்ணுசாமி தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு வண்டிக்குக் கீழே படுத்தார். செல்லாயி திரும்பி வரும்போது சேலம் பஸ் நிலையத்தில் இந்த வண்டியோடு போய் நிற்கவேண்டும். அவளை ஏற்றிக்கொண்டு வரவேண்டும். கிழவருக்கு இந்த வயசில் இப்படி ஒரு ஆசை.

தரைத் தகடு முழுக்க அரித்துப்போயிருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு பற்றவைத்துக் கொடுத்தவர் பூபதி. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைக்காரர், கண்ணுசாமிக்குப் பழைய பழக்கம். மேட்டுக்கு எதற்கு இத்தனை பாடு, இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் வாங்கி ஒட்டிவிடுங்கள் என்றார் பூபதி. கண்ணுசாமி கேட்கவில்லை. கடைகளில் கேட்டால் புதுக் காருக்கு வருகிற பிளாஸ்டிக் கொக்கியை எடுத்து நீட்டினார்கள். நாமக்கல்லில் ஆறு கடை, சேலத்தில் நாலு கடை ஏறி இறங்கினார். கடைசியில் பித்தளை பட்டன் கிடைத்த இடம், லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற கடை. துருப்பிடிக்காது, திருகாணியோடு வரும், கவ்வினால் நாலு ஆள் இழுத்தாலும் விடாது என்றார் கடைக்காரர். எட்டு ஜோடி கேட்டதற்கு, லாரிக்கு நூறு ஜோடி வாங்குகிற இடத்தில் எட்டா என்று ஏற இறங்கப் பார்த்தார்.

புதுத் தகட்டில் ஓட்டை எங்கே போடுவது? கால் வைக்கிற இடத்தில் பட்டன் வந்துவிடக்கூடாது. தன் பக்கம் அவருக்குத் தெரியும். அவள் பக்கம் தெரியவில்லை. பதினெட்டு வருசம் அந்த வண்டியை ஓட்டியவர், ஒருநாள்கூட இடதுபக்கம் உட்கார்ந்ததில்லை. அன்றைக்குச் சாயங்காலம் போனில், வண்டியில் நீ காலை எங்கே வைப்பாய் என்று செல்லாயியிடம் கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று சொல்லவில்லை. அது அவள் வந்து பார்க்கவேண்டிய விஷயம்.

"அதெல்லாம் ஆருங்க நெனப்பு வெச்சிருக்குறா?" என்றாள் அவள். பின்னால் தனுஷ் எதையோ போட்டு உடைக்கிற சத்தம் கேட்டது, போன் கட்டாகிவிட்டது.

பதில் பழைய மேட்டில் இருந்தது. தூக்கி எறியலாம் என்று வேலியோரம் சுருட்டிப் போட்டிருந்ததை எடுத்துவந்து கழுவி, வெயிலில் விரித்துப் போட்டார். சுருக்கம் விட்டதும் பார்த்தால், இடதுபக்கத்தில் ரப்பர் இரண்டு இடத்தில் வழுவழுவென்று தேய்ந்து பள்ளமாகியிருந்தது. ஒன்று நடுவில். இன்னொன்று அந்த எட்டாவது மூலையின் மேலேயே. அவளுடைய குதிகால் உட்கார்ந்த இடம். கண்ணுசாமி அதில் கையை வைத்துப் பார்த்தார். கை வைத்ததும் அழுகை வந்துவிட்டது. சுற்றிலும் யாருமில்லை, அதனால் அழுதார்.

மறுநாள் பழைய மேட்டைப் புதுத் தகட்டின் மேல் விரித்து, ஓட்டைகளின் வழியாகச் சாக்கட்டியால் குறி வைத்தார். ஏழு பட்டன் ஒரே மத்தியானத்தில் முடிந்தது. டிரில்லில் சின்ன ஊசி மாட்டி முதல் ஓட்டை, பிறகு பெரிய ஓட்டை, வெட்டின விளிம்பில் துரு ஏறாமலிருக்கப் பெயிண்ட், அது காய்ந்ததும் குமிழ். குமிழ் தலையில் சாக்கட்டி தேய்த்துப் புது மேட்டை மேலே போட்டு அழுத்தினால், அடியில் வெள்ளையாகப் பதியும். பதிந்த இடத்தில் துளை போட்டு, கிண்ணத்தைப் பொருத்தி, பூபதியிடம் இரவல் வாங்கிவந்த அச்சை வைத்து ஒரே அடி. நடுவிலிருந்து ஓரத்துக்கு வரவேண்டும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் மேட் மேடாக நிற்கும். அதையும் அவர் ஒருமுறை தப்பாகச் செய்துதான் தெரிந்துகொண்டார்.

எட்டாவதற்கு வந்தார். வைக்காமல் விட்டால் மூலை பழையபடி மடங்கும். வைத்தால் அவள் குதிகாலுக்கு அடியில் குமிழ் வரும். அவருக்குத் தோன்றிய வழி, தகட்டில் அந்த இடத்தை மட்டும் கிண்ணம் போலக் குழித்து, பட்டனை அதற்குள் இறக்கிவிடுவது. மேலே மேட் சமமாக இருக்கும். குண்டுத்தலைச் சுத்தியலை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. நல்ல தகடு விரிசல் விட்டது. வண்டியைப் பூபதியிடம் கொண்டுபோய் அந்த இடத்தை மறுபடி பற்றவைத்து வாங்கிவந்தார். இரண்டாம் தடவை பள்ளம் அகலமாகிவிட்டது, பார்த்தால் தொட்டி மாதிரி இருந்தது. மூன்றாம் தடவை பூபதிக்கே பொறுக்கவில்லை.

"ஏனுங்கண்ணா, ஒத்த பட்டனுக்கு இம்புட்டுப் பாடா? இத ஆரு குனிஞ்சு பாக்கப் போறாங்க?"

பார்க்கிறவர்களுக்காக இல்லை என்று கண்ணுசாமி சொல்லவில்லை. நாலாம் தடவை குழி சரியாக வந்தது. பட்டன் அதற்குள் உட்கார்ந்தது. மேட் அதன் மேல் கவ்வியது. அப்போதுதான் அவர் அந்த வண்டியில் முதல் தடவையாக இடதுபக்கம் ஏறி உட்கார்ந்தார். வெறுங்குதிகாலை அந்த மூலையில் வைத்து இழுத்தார். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, முட்டி வலிக்கிறவரை மிதித்துப் பார்த்தார். குத்தவில்லை. பட்டன் அங்கே இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இடதுபக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆளில்லாத சீட்டு தெரிந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் இறங்கிக்கொண்டார்.

ஆடிப் பதினாறு காலையில் வண்டியைக் கழுவித் துடைத்து, சேலம் புது பஸ் நிலையத்துக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினார். சட்டை கசங்கக்கூடாது என்று சாயாமல் ஓட்டிப் போனதாகப் பிற்பாடு பூபதியிடம் சொல்லியிருக்கிறார். பெங்களூர் பஸ் பத்தரைக்கு வந்தது. செல்லாயி இறங்கினாள். கொஞ்சம் வெளுத்திருந்தாள், தலைமுடியைப் பாதியாகக் குறைத்திருந்தாள். வண்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். முன்னால் போய்ப் பார்த்தாள், பின்னால் போய்ப் பார்த்தாள், கதவில் கையை வைத்துத் தடவினாள். நம்முதுங்களா, நம்முதுங்களா என்று இரண்டு தடவை கேட்டாள். எட்டு மாசப் பாட்டுக்கு அது போதும் என்று கண்ணுசாமிக்கு இருந்தது. பையை வாங்கிப் பின்னால் வைத்தார். அவள் செருப்பை வாங்கிப் போடுவதற்குச் சாக்கும் வைத்திருந்தார்.

அவள் கதவைத் திறந்து, செருப்புக் காலோடு ஏறி உட்கார்ந்தாள்.

நீலக் கலரில், கட்டைவிரல் உயரத்துக்கு அடிப்பாகம் வைத்த செருப்பு. அதன் குதி நேராக எட்டாவது மூலையில் போய் இறங்கியது. பட்டன் இருந்தால் என்ன, அங்கே ஆணியே நின்றால்தான் என்ன, அந்தச் செருப்புக்குள் இருக்கிற காலுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. கண்ணுசாமி சாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றார். சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. அவளுக்கு ஞாபகம் இல்லாத ஒன்றை அவளுக்கே எடுத்துச் சொல்வது அவருக்கு என்னவோ போல் இருந்தது. மனசு ரொம்பவும் வலித்தது. சாக்கை மடித்து சீட்டுக்கு அடியில் சொருகிவிட்டு ஏறினார். தன் செருப்பைக் கீழே கழற்றிவிட்டு ஏறி, மல்லூர் தாண்டின பிறகுதான் அதை எடுத்து வைக்க மறந்தது தெரிந்தது.

வீட்டுக்கு வந்தும் அவள் அதே செருப்போடுதான் உள்ளே நடந்தாள். அங்கே டைல்ஸ் தரையில் நின்று நின்று குதிகால் வலி வந்துவிட்டதாம். வெறுங்காலில் ஒரு அடி வைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கேட்டதும் கண்ணுசாமிக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. வலிக்கிற காலுக்குச் செருப்பு போட்டதை மனசில் குற்றமாக வைத்துக்கொண்டு முப்பது மைல் வண்டி ஓட்டிவந்த மனுசன் என்ன மனுசன்! இங்கே சாணி மெழுகின மண்ணில் நடந்தால் வலி தன்னால் போகும் என்று நினைத்தார். சொல்லவில்லை. இருக்கத்தானே போகிறாள், மெல்லச் சொல்லிக்கொள்ளலாம்.

அவள் வந்த இரண்டு நாளும் வீட்டில் சத்தம் இருந்தது. பாத்திரம் விழுகிற சத்தம்கூட அவருக்கு நன்றாக இருந்தது. அரிசிப் பருப்புச் சாதம் ஆக்கிப் போட்டாள். மூன்று வேளையும் அடுப்பு எரிந்தது. அவள் டப்பாக்களைத் திறந்து பார்ப்பதையும், துவைத்து மடித்த வேட்டிகளைப் பார்ப்பதையும், தன் முகத்தை அடிக்கடி உற்றுப் பார்ப்பதையும் அவர் கவனித்தார். ஒரு கரி பிடித்த பாத்திரமாவது அவள் கண்ணில் படும்படி வைத்திருக்கலாம். அந்தச் சாமர்த்தியம் அவருக்கு இல்லை. அவள் வருகிறாள் என்று பத்து நாள் முன்பிருந்தே எல்லாவற்றையும் தேய்த்து அடுக்கியிருந்தார்.

பதினெட்டு அன்றைக்கு இருவரும் வண்டியில் மோகனூர் போனார்கள். காவிரி இருகரையும் தொட்டுப் போனது. கரையில் நிற்க இடமில்லை. செல்லாயி மட்டும் கூட்டத்துக்குள் இறங்கி, தலையில் தண்ணி தெளித்து, காதோலை கருகமணியை ஆற்றில் விட்டு, கழுத்தில் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு வந்தாள். வண்டியை ஒரு புங்கமரத்தடியில் நிறுத்தியிருந்தார்கள். அதிலேயே உட்கார்ந்து கட்டுசோற்றைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். கை கழுவினபின் அவள் கொஞ்ச நேரம் கயிற்றை நெருடிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும். பிரவீனா முழுகாம இருக்குறாளுங்க. மூணு மாசம்."

கண்ணுசாமிக்கு முதலில் வந்தது சந்தோசம்தான். அதில் கலப்படம் இல்லை. பெண் குழந்தையாகப் பிறக்கட்டும் என்றுகூட ஒரு நொடி நினைத்தார். அடுத்த நொடியில், தலை நிற்கிற வரைக்கும், நடக்கிற வரைக்கும், பேசுகிற வரைக்கும், பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வரைக்கும் என்று மனசு வரிசையாகச் சொல்லிப் பார்த்தது. அவருக்கு அறுபத்து மூன்று வயசு.

நல்லதுதானே என்றார்.

செல்லாயி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். மகளிடம் தான் இன்னும் எந்தப் பதிலும் சொல்லவில்லை என்றாள். ஊருக்குப் போய் அப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாளாம்.

"நீங்க ஒத்தையில கெடந்து, சோறு தண்ணியில்லாம எளச்சுப் போயிருப்பீங்கன்னு பயந்துகிட்டேதானுங்க வந்தேன். அப்பிடி மட்டும் பாத்திருந்தன்னா, அவ அழுதாலும் சரி, இனி நான் அங்க போகமாட்டேன்னு இருந்திருப்பேன்." அவள் குரல் இளகியிருந்தது. "சேலத்துல வண்டியோட நின்னீங்க பாருங்க, அப்பவே எனக்கு மனசு நெறஞ்சு போச்சுங்க. தரைல மேட்டுக்குப் பட்டன் மொதக்கொண்டு பாத்துப் பாத்து வெச்சிருக்குறீங்க. அந்த மூலைகூட இப்ப மடங்கறதில்ல. மனசுல கொற இருக்கறவங்களுக்கு இப்பிடி வேல ஓடுங்களா? நல்லாத்தான் இருக்குறாருன்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

அது உனக்காக வைத்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் போகமாட்டாள். அது அவருக்குத் தெரியும். சொன்னால், அங்கே ஒருத்தி கைக்குழந்தையும் வேலையுமாக, நாலு வயசுப் பையனை இழுத்துக்கொண்டு பதினாலாவது மாடியில் ஒண்டியாகக் கிடப்பாள். வந்த நல்ல சேதியும் ஒரு கஷ்டமாகப் போகும். அதற்குள் செல்லாயி போனை எடுத்து மகளுக்கு அடித்துவிட்டாள். இரண்டு வார்த்தை பேசிவிட்டு, உங்ககிட்டப் பேசோணுமாமுங்க என்று போனை அவர் கையில் கொடுத்தாள்.

பிரவீனா அழுதுகொண்டிருந்தாள்.

"அப்பா, நெசமாச் சொல்லுங்க. அம்மா இல்லாம ஒத்தையில இருந்துக்குவீங்களாப்பா? முடியலீன்னா சொல்லீருங்க. நான் வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்."

செல்லாயி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆற்றங்கரையில் யாரோ பிள்ளைகளைத் தண்ணிக்குப் போகாதே என்று அதட்டினார்கள். கண்ணுசாமி ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"எனக்கென்ன சாமி, வண்டி இருக்குது," என்றார். "அதுக்கு இன்னும் எத்தனையோ வேல கெடக்குது. நீ ஒடம்பப் பாத்துக்க. அம்மாவ நானே கொண்டாந்து பஸ்ஸு ஏத்தி உடறேன்."

மகள் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். செல்லாயி நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டு, மிச்சமிருந்த சோற்றைக் காக்காய்க்கு வைக்க இறங்கினாள். இருவரும் அவர் சொன்னதை நம்பிவிட்டார்கள்.